ஏஐ எழுதும் கமிட் மெசேஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குழுவில் கோடு ரிவ்யூ பார்ப்பது, அதாவது மற்றவர்கள் எழுதிய கோடைப் படித்துச் சரிபார்ப்பது, என் வேலைகளில் ஒன்று. ஒரு பொத்தானை அழுத்தினால் எடிட்டரே கமிட் மெசேஜ் எழுதித் தரும் வசதி வந்த பிறகு, புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ரிவ்யூ கமெண்டில் கேட்கிறார்கள், சாப்பிடும்போது கேட்கிறார்கள், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பிலும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்து, நான் சொன்ன பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

எல்லாமே கிட் பயன்படுத்துகிறவர்களை மனதில் வைத்து எழுதியவை. கோடில் செய்த மாற்றங்களின் வரலாற்றைச் சேர்த்து வைக்கிற கருவிதான் கிட். நாங்கள் மெசேஜ்களை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். படிக்க வசதியாக உதாரணங்களை மட்டும் இங்கே தமிழில் தந்திருக்கிறேன்.

அக்கா, கமிட் மெசேஜ்னா சரியா என்ன? அதை யார் உட்கார்ந்து படிக்கப்போறாங்க?

கோடில் செய்த மாற்றங்களை ஒரு கட்டாகக் கட்டி கிட்டில் வைப்பதுதான் கமிட். அந்தக் கட்டின் மேல் ஒட்டும் சீட்டுதான் மெசேஜ். சீட்டில் ஒன்றும் எழுதாமல் விட்டால் கிட் அந்தக் கமிட்டையே ஏற்காது.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வேலைக்காகத்தான் கிட்டை எழுதினார். கெர்னலில் மாற்றங்கள் மின்னஞ்சலில் போகும். மின்னஞ்சலின் தலைப்பு கமிட்டின் முதல் வரியாகும், உள்ளே எழுதிய விளக்கம் மெசேஜின் உடலாகும். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஆட்கள் அந்தக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இந்த மாற்றத்தைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். கமிட் மெசேஜ் பிறந்த இடம் அது. கடிதம் மாதிரி எழுதுங்கள் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

நம் வேலையில் அதை இரண்டு பேர் படிக்கிறார்கள். ஒருவர் இன்றைக்கு உங்கள் கோடை ரிவ்யூ செய்பவர். இன்னொருவர் ஒன்றிரண்டு வருடம் கழித்து ஒரு பக்கை, அதாவது கோடில் இருக்கும் பிழையை, துரத்திக்கொண்டு வருபவர். அவர் கிட் பிளேம் போடுவார். ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எந்தக் கமிட்டில் தொட்டார்கள் என்று அது காட்டும். அடுத்து அவர் திறப்பது உங்கள் மெசேஜை. அப்போது நீங்கள் வேறு கம்பெனியில் இருக்கலாம்.

ஏஐ இந்த மெசேஜை எப்படி எழுதுது? என் கோடு முழுசும் அதுக்குத் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. நீங்கள் ஸ்டேஜ் செய்த, அதாவது இந்தக் கமிட்டுக்கென்று எடுத்து வைத்த, மாற்றங்களின் டிஃப், அதாவது எந்த வரி போனது, எந்த வரி வந்தது என்ற பட்டியல், அதுதான் அதற்குக் கிடைக்கிறது. கூடவே ஃபைல் பெயர்களும் போகும். சில கருவிகள் ரிப்போவின் (கோடும் அதன் வரலாறும் இருக்கும் இடம்) சமீபத்திய மெசேஜ்களையும் எடுத்துக்கொண்டு அந்த நடையில் எழுதப் பார்க்கும்.

விஎஸ் கோடு என்ற எடிட்டரில் கோபைலட் என்ற ஏஐ உதவியாளர் இருந்தால் மெசேஜ் பெட்டியின் ஓரத்தில் மின்னுகிற நட்சத்திரக் குறி ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் போதும். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களின் கமிட் ஜன்னலிலும் இதே வசதி உண்டு. கிளாட் கோட், ஏய்டர் போன்ற ஏஐ கருவிகள், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலான டெர்மினலில் இருந்தபடியே கமிட்டையும் போட்டுவிடும். இன்னும் சிலர் மெசேஜ் எடிட்டர் திறப்பதற்கு முன்னால் தானாக ஓடுகிற கிட் ஹூக்கில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்துக்கொள்கிறார்கள். வழி எதுவானாலும் உள்ளே போவது டிஃப்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற பாதிச் சந்தேகம் தானாகத் தீர்ந்துவிடும்.

அது எழுதினது நல்லாத்தானே இருக்கு? ஸ்பெல்லிங் மிஸ்டேக் இல்ல, இலக்கணப் பிழை இல்ல. அதுல என்ன குறை?

நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். பணம் செலுத்தும் பகுதியில் ஒரே ஒரு எண் மாறியது. வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தை 30 நொடியிலிருந்து 45 ஆக்கினோம். ஏஐ கொடுத்த மெசேஜ்: “நம்பகத்தன்மையை மேம்படுத்த டைம்அவுட்டை 30-லிருந்து 45 நொடியாக உயர்த்து.” படிக்க நன்றாக இருந்தது, நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

உண்மைக் காரணம் வேறு. மாதத்தின் முதல் வாரத்தில் வங்கியின் பதில் வர 38 நொடி வரை ஆனது. நாம் 30 நொடியில் பொறுமை இழந்து அதே கோரிக்கையை மறுபடி அனுப்பினோம். முதல் கோரிக்கையும் அங்கே நிறைவேறிவிட்டதால் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்பட்டது. எட்டு மாதம் கழித்து வந்த ஒரு தம்பி, பக்கம் மெதுவாக இருக்கிறது என்று அந்த எண்ணை 20 ஆக்கினான். அவன் கவனமில்லாதவன் இல்லை. பிளேம் பார்த்தான், மெசேஜைப் படித்தான். “நம்பகத்தன்மையை மேம்படுத்த” என்பதில் அவனைத் தடுக்க ஒன்றுமில்லை. அடுத்த மாதம் 2-ஆம் தேதி வாடிக்கையாளர்கள் போன் போட ஆரம்பித்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்கவே நான்கு நாள் ஆனது.

அந்த மெசேஜில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 30 என்பது 45 ஆனதை டிஃபே காட்டும், அதைச் சொல்ல மெசேஜ் எதற்கு? 38 நொடி, இரட்டைப் பிடித்தம், மாத முதல் வாரம் என்பவை எந்த ஃபைலிலும் இல்லை. எங்கள் தலைக்குள்ளும் ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் மட்டும் இருந்தன. டிஃபை மட்டும் பார்க்கிற கருவிக்கு அது தெரிய வழியே கிடையாது. அதனால் அந்த இடத்தை, எங்கும் பொருந்துகிற ஒரு வார்த்தையால் அது நிரப்பிவிட்டது.

சரி, அந்த “ஏன்” என்பதை ஏஐக்கு எப்படிச் சொல்றது?

வாயால் சொல்வது போலச் சொன்னாலே போதும். பொத்தானை அழுத்தும் முன் ஒரு வரி எழுதுங்கள். மேலே சொன்ன மாற்றத்துக்கு இப்படி: “மாசம் முதல் வாரம் பேங்க் 38 செகண்ட் எடுக்குது, நாம 30-ல ரீட்ரை பண்ணி டபுள் டெபிட் ஆச்சு, அதான் 45.” தமிழ், ஆங்கிலம் கலந்து கொட்டினாலும் அது புரிந்துகொண்டு ஒழுங்கான ஆங்கிலத்தில் எழுதித் தரும்.

வந்த மெசேஜ் இது. முதல் வரி: “இரட்டைப் பிடித்தத்தைத் தவிர்க்க வங்கி டைம்அவுட்டை 45 நொடியாக்கு.” உடலில்: “மாத முதல் வாரத்தில் வங்கியின் பதில் 38 நொடி வரை தாமதமாகிறது. 30 நொடியில் மறுமுயற்சி செய்ததால் ஒரே பில்லுக்கு இருமுறை பணம் பிடிக்கப்பட்டது. மறுமுயற்சிக்குத் தனி அடையாள எண் சேர்க்கும்வரை இந்த மதிப்பைக் குறைக்க வேண்டாம்.” கடைசி வாக்கியத்தை மட்டும் நான் சேர்த்தேன். அந்தத் தம்பிக்குத் தேவைப்பட்டிருக்க வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

எடிட்டரின் பொத்தானில் இப்படிச் சொல்ல இடமில்லை என்றால் சாட் பெட்டியில் கேளுங்கள், அல்லது பொத்தான் தந்ததற்குக் கீழே “ஏன்” வரியை நீங்களே எழுதிவிடுங்கள். வேலையைப் பதிந்து வைத்த டிக்கெட்டின் எண்ணையும் சேருங்கள். டிக்கெட் எண் மட்டும் போதாது என்றும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் வைக்கிற மென்பொருளைக் கம்பெனி மாற்றிவிட்டால் அந்த எண்ணை எங்கே போய்த் தேடுவது? கிட் வரலாறு கோடுடனேயே போகும்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. ஏஐகிட்ட எழுதி வாங்குறது ஏமாத்துற மாதிரி ஆகாதா?

ஆகவே ஆகாது. இந்தக் கருவியின் மிக நல்ல பயன் இதுதான் என்று நான் மனதார நம்புகிறேன். தமிழ் வழியில் படித்து வந்த எத்தனையோ பேர், கோடில் கெட்டிக்காரர்கள், மெசேஜ் எழுதும் இடத்தில் மட்டும் தயங்கி “ஃபிக்ஸ்டு”, “அப்டேட்டட்” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். காரணம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். டீ குடிக்கும்போது கேட்டால் ஐந்து நிமிடம் விளக்குவார்கள். அந்த ஐந்து நிமிடம் மெசேஜுக்குள் போகாமல் தடுத்தது மொழிதான்.

இப்போது அந்தத் தடை இல்லை. விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள், மொழியை அது பார்த்துக்கொள்ளும். ஒன்றே ஒன்று செய்யுங்கள்: வந்த ஆங்கிலத்தை வரி வரியாகப் படித்து, இது நான் சொன்னதுதானா என்று பாருங்கள். ஒரு சொல் புரியவில்லை என்றால் அதை எளிதாக்கச் சொல்லுங்கள். ரிவ்யூவில் யாராவது கேட்டால் நீங்கள்தானே பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்லயே மெசேஜ் எழுதினா கிட் ஏத்துக்குமா?

ஏற்கும். எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் சேமிக்கிற முறை யுடிஎஃப்-8. கிட் மெசேஜ்களை இயல்பாகவே அந்த முறையில்தான் எடுத்துக்கொள்கிறது. சொந்த ரிப்போ, தமிழ் மென்பொருள் திட்டம், தமிழ் தெரிந்தவர்கள் மட்டும் இருக்கிற குழு என்றால் தாராளமாக எழுதலாம்.

இரண்டு இடத்தில் இடிக்கும். டெர்மினலின் மொழி அமைப்பு யுடிஎஃப்-8 இல்லையென்றால் கமிட்டுகளை வரிசையாகக் காட்டும் கிட் லாக்கில் எழுத்துக்குப் பதில் குறியீடுகளாகத் தெரியும். அப்புறம் நீளக் கணக்கு. “கமிட்” என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறிகள், யுடிஎஃப்-8-இல் 15 பைட். முதல் வரி 50-ஐத் தாண்டக்கூடாது என்று சோதிக்கிற ஸ்கிரிப்ட் பைட்டை எண்ணுகிறதா, குறியை எண்ணுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பைட்டை எண்ணினால் தமிழில் இரண்டு சொல்லைத் தாண்டுவதே கஷ்டம்.

அந்த 50, 72 கணக்கு எங்கேருந்து வந்தது? ஏஐ அதைப் பின்பற்றுமா?

முதல் வரி சுமார் 50 எழுத்துக்குள், பிறகு ஒரு வெற்று வரி, அதன் பிறகு விளக்கம் என்பது கிட்டின் சொந்தக் கையேட்டிலேயே இருக்கும் பரிந்துரை. 72 என்பது விளக்க வரிகளின் அகலம். கிட் லாக் மெசேஜை நான்கு இடம் உள்ளே தள்ளிக் காட்டும். வலப்பக்கமும் அதே அளவு விட்டால் 80 இடம் கொண்ட டெர்மினலில் மிஞ்சுவது 72. கெர்னலில் முதல் வரிக்கு 70 முதல் 75 எழுத்து வரை போகலாம் என்கிறார்கள். ஆக இது சட்டம் இல்லை. ஒற்றை வரிப் பட்டியலில் வெட்டுப்படாமல் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஏஐ சொன்னால் பின்பற்றும், ஆனால் எண்ணுவதில் தவறும். குழுவின் விதிகளைக் கருவியின் அறிவுரை ஃபைலில் ஒருமுறை எழுதி வைத்துவிட்டு, நீளத்தைச் சோதிக்கும் பொறுப்பை ஒரு ஹூக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

அது எழுதுறது ரொம்ப நீளமா, அஞ்சாறு பாயிண்டா வருதே?

ஆமாம், இது பொதுவான தொல்லை. ஒரு ஃபைலுக்கு ஒரு பாயிண்ட் என்று டிஃபையே வாக்கியமாக மாற்றித் தந்துவிடும். “இந்த ஃபங்ஷனைச் சேர்த்தது, அந்த இம்போர்ட்டை நீக்கியது” என்ற வரிகளைத் தயங்காமல் வெட்டுங்கள். டிஃபைப் பார்த்தாலே தெரிவது மெசேஜில் வேண்டாம். “முதல் வரி ஒன்று, காரணம் இரண்டு மூன்று வாக்கியம், பட்டியல் வேண்டாம்” என்று அறிவுரையில் எழுதி வைத்தால் பெரும்பாலும் கேட்கும்.

ஒரே கமிட்ல பத்து வேலை பண்ணிட்டேன். ஏஐ எல்லாத்தையும் அழகா சுருக்கிடுதே, அது போதாதா?

போதாது, இங்கே சுருக்கம் அழகாக இருப்பதே ஆபத்து. முன்பெல்லாம் இப்படி ஒரு கமிட்டுக்கு மெசேஜ் எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும். முதல் வரியில் “மற்றும்” மூன்று தடவை வரும். அப்போதே நமக்குத் தெரிந்துவிடும், இதைப் பிரிக்க வேண்டும் என்று. ஏஐ அந்தத் தடுமாற்றத்தை மறைத்து “பயனர் பகுதியை மறுசீரமைத்து மேம்படுத்து” என்று வழுவழுப்பாக எழுதிவிடுகிறது.

கமிட்டைப் பிரிப்பது அழகுக்காக இல்லை. எந்தக் கமிட்டில் பக் நுழைந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடித்தருவது கிட் பைசெக்ட். அது கடைசியில் காட்டும் கமிட்டில் 40 ஃபைல் இருந்தால் தேடலை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ரிவர்ட்டும் அப்படித்தான். கெட்டதை மட்டும் திருப்ப முடியாமல், கூட வந்த ஒன்பது நல்லதும் போய்விடும். கிட் ஆட் கட்டளையில் பேட்ச் என்ற வழி இருக்கிறது. மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, இதைச் சேர்க்கவா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். வேண்டியதை மட்டும் எடுத்து ஒரு கமிட், மிச்சத்தில் இன்னொரு கமிட். எப்படிப் பிரிக்கலாம் என்ற யோசனையை ஏஐயிடம் கேளுங்கள், அதில் அது உண்மையிலேயே உதவும்.

இன்னொன்று. பேக்கேஜ் லாக் ஃபைல் போல இயந்திரம் எழுதுகிற ஆயிரக்கணக்கான வரிகள் டிஃபில் இருந்தால் சில கருவிகள் நடுவிலேயே வெட்டிவிடும். உங்கள் உண்மையான மாற்றம் வெட்டுப்பட்ட பக்கத்தில் போய், மெசேஜ் முழுக்க பேக்கேஜ் வெர்ஷன் புராணமாக இருக்கும். லாக் ஃபைலைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள்.

ஃபீட், ஃபிக்ஸ், சோர்னு முன்னாடி ஒரு லேபிள் போடுறோமே, அதை ஏஐ போட்டா நம்பலாமா?

இது கன்வென்ஷனல் கமிட்ஸ் என்ற முறை. ஆங்குலர் என்ற மென்பொருள் திட்டத்தில் இருந்த பழக்கத்திலிருந்து வளர்ந்தது. லேபிளை மனிதர்கள் மட்டும் படிப்பதாக இருந்தால் தவறினாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் பல இடங்களில் அடுத்த வெளியீட்டின் எண்ணையே அந்த லேபிளை வைத்து ஒரு கருவி முடிவுசெய்கிறது. ஃபிக்ஸ் (பிழைத் திருத்தம்) என்றால் கடைசி எண் கூடும், ஃபீட் (புதிய வசதி) என்றால் நடு எண், பழையதை உடைக்கிற மாற்றம் என்று குறித்தால் முதல் எண்.

ஏஐ சறுக்குவது கடைசியில் சொன்ன வகையில்தான். ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினால் டிஃபில் அது வெறும் சீரமைப்பாகத் தெரியும், “ரீஃபாக்டர்” என்று போட்டுவிடும். அந்த ஃபங்ஷனை வெளியே நான்கு குழுக்கள் அழைக்கின்றன என்பது உங்களுக்குத்தான் தெரியும். லேபிள் தவறாக இருந்தால் சின்ன வெளியீடு என்று நம்பி அவர்கள் மேம்படுத்துவார்கள், அவர்கள் பக்கம் உடையும். விளக்கத்தை ஏஐ எழுதட்டும், லேபிளை மட்டும் நீங்களே போடுங்கள். அதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

அது தப்பா எழுதியிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? படிக்கும்போது எல்லாமே சரியா தெரியுதே.

கமிட் கட்டளையில் வெர்போஸ் வழியைப் போட்டால் மெசேஜ் எழுதும் எடிட்டரிலேயே கீழே டிஃபும் தெரியும். மெசேஜின் ஒவ்வொரு சொல்லுக்கும் டிஃபில் ஒரு வரியையோ உங்கள் மனதில் ஒரு காரணத்தையோ விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். காட்ட முடியாத சொல் போகட்டும்.

எங்கள் ரிப்போவில் ஒருமுறை, பயனர் பெயர் காலியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரே ஒரு ‘இஃப்’ சேர்த்திருந்தார்கள். மெசேஜில் “உள்நுழைவுப் பாதுகாப்பை வலுப்படுத்து” என்று வந்தது. ஃபைல் பெயரில் லாகின் என்று இருந்ததால் அது ஊகித்துக்கொண்டது. அந்த வரி அப்படியே வெளியீட்டுக் குறிப்புக்குப் போய், என்ன பாதுகாப்புக் குறை இருந்தது என்று வாடிக்கையாளர் கடிதம் எழுதிக் கேட்டார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. அதிலிருந்து சில சொற்களைப் பார்த்தாலே நான் நிறுத்திக் கேட்கிறேன்: மேம்படுத்து, வலுப்படுத்து, உறுதிசெய், வேகமாக்கு, டெஸ்ட் செய்யப்பட்டது. வேகமாக்கினீர்களா? எவ்வளவு, எதில் அளந்தீர்கள்? அளவு இருந்தால் எண்ணை எழுதுங்கள், இல்லையென்றால் சொல்லை எடுத்துவிடுங்கள்.

இது புதிய பிரச்சினையும் இல்லை. டிஃபை ஒரு மொழியாகவும் மெசேஜை இன்னொரு மொழியாகவும் வைத்து மொழிபெயர்க்கும் ஆராய்ச்சி 2017-இலேயே வெளிவந்தது. அடுத்த வருடம் வேறு ஆய்வாளர்கள் அதே தரவைத் திரும்பப் பார்த்தார்கள். போட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) எழுதியவையும் “ரீட்மி மாற்றம்” போன்ற வெற்று மெசேஜ்களும் அதில் கணிசமாகக் கலந்திருந்தன. அவற்றை நீக்கியதும் கிடைத்த மதிப்பெண் மளமளவென்று சரிந்தது. இன்றைய ஏஐ மாடல்கள் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் சொல்வதற்கு விஷயமில்லாதபோதும் மெசேஜ் போல ஒலிக்கிற ஒன்றைத் தருவது இன்னமும் நடக்கிறது.

டிஃப் ஏஐக்குப் போகுதுன்னு சொன்னீங்க, அப்போ அது வெளியே போகுதுதானே. கம்பெனி கோடை இப்படி அனுப்பலாமா?

கம்பெனி அனுமதித்த கருவி, கம்பெனி கணக்கு என்றால் அனுப்பலாம். சொந்தக் கணக்கில், சொந்தச் சந்தாவில் என்றால் வேண்டாம். வாடிக்கையாளருடன் செய்த ஒப்பந்தத்தில் கோடு மூன்றாம் ஆளிடம் போகக்கூடாது என்று இருக்கலாம். டீம் லீடிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: கோடில் தவறுதலாக எழுதிய பாஸ்வேர்டையோ ஏபிஐ சாவியையோ (வேறொரு சேவைக்குள் நுழைய உதவும் ரகசியக் குறி) நீக்கிவிட்டு, நீக்கிய அந்தக் கமிட்டுக்கு மெசேஜ் கேட்கிறீர்கள். நீக்கிய வரியும் டிஃபில் இருக்கும், சாவி வெளியே போய்விட்டது. எப்படியும் அது பழைய கமிட்டிலும் கிடக்கும். முதலில் சாவியை ரத்துசெய்து புதியது வாங்குங்கள், மெசேஜை அப்புறம் பார்க்கலாம். கோடு வெளியே போகவே கூடாத இடங்களில் ஒல்லாமா போன்றவற்றை வைத்துச் சொந்தக் கணினியிலேயே ஒரு சின்ன மாடலை ஓட்டலாம். கமிட் மெசேஜ் அளவுக்கு அது போதும்.

கமிட்டுக்குக் கீழே “கோ-ஆதர்ட்-பை”ன்னு ஏஐ பேர் வருது. எடுத்துடலாமா?

குழுவில் என்ன முடிவோ அதன்படி செய்யுங்கள். கிளாட் கோட் போன்றவை இயல்பாகவே அந்த வரியைச் சேர்க்கும், அமைப்பில் நிறுத்தவும் முடியும். ஏய்டரின் பழைய பதிப்புகள் கமிட் போட்டவர் பெயருக்குப் பின்னால் தன் பெயரைச் சேர்த்து வந்தன.

என் கருத்தைக் கேட்டால், கோடை ஏஐ எழுதியிருந்தால் வரி இருக்கட்டும். ரிவ்யூ செய்பவர் எங்கே கூர்ந்து பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. கோடை நீங்கள் எழுதி மெசேஜை மட்டும் அது எழுதினால் வரி வேண்டாம். அந்த வரி இருந்தால் கோடில் அதற்குப் பங்கு இருந்ததாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு நான் செஞ்ச மாற்றத்தை அனுப்பப்போறேன். அங்கேயும் இப்படியே செய்யலாமா?

அனுப்பும் முன் அவர்கள் விதியைப் படியுங்கள், திட்டத்துக்குத் திட்டம் மாறும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஜென்டூ 2024 ஏப்ரலில் ஏஐ உதவியுடன் உருவான எந்தப் பங்களிப்பும் கூடாது என்று முடிவெடுத்தது. எந்த உள்ளடக்கமும் என்கிறார்கள், அதில் மெசேஜும் அடங்கும் என்றே நான் எடுத்துக்கொள்வேன். நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டம் அதே ஆண்டு மே மாதம், மாடல் எழுதிய கோடை முன் அனுமதி இல்லாமல் கமிட் செய்யக்கூடாது என்றது. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட உதவும் கியூஇஎம்யூ 2025-இல் ஏஐ எழுதிய பங்களிப்புகளை ஏற்பதில்லை என்று அறிவித்தது. இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோரா அதே ஆண்டு அக்டோபரில், வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று கொள்கை வகுத்தது.

லினக்ஸ் கெர்னலில் “சைன்ட்-ஆஃப்-பை” வரி 2004 முதல் இருக்கிறது. இந்த மாற்றத்தைத் தர எனக்கு உரிமை உண்டு என்று ஒரு மனிதர் கொடுக்கும் உறுதிமொழி அது. அந்த வரியை ஏஐ போடக்கூடாது, உதவியது என்றால் “அசிஸ்டட்-பை” என்று தனியாகக் குறிக்க வேண்டும் என்கிறது கெர்னல் ஆவணம். உங்கள் கருவி தானாக சைன்-ஆஃப் சேர்க்கிறதா என்று கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஐ ஏஜென்ட்டே கோடு எழுதி, அதுவே கமிட்டும் போடுது. அதுக்கு “ஏன்” தெரியும்தானே?

டிஃபை மட்டும் பார்க்கும் பொத்தானைவிட இதற்குக் கூடவே தெரியும். நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பது அந்த உரையாடலில் இருக்கிறது. நீங்கள் காரணம் சொல்லிக் கேட்டிருந்தால் மெசேஜ் நன்றாக வரும், நானே அசந்திருக்கிறேன். “டைம்அவுட்டை 45 ஆக்கு” என்று மட்டும் சொல்லியிருந்தால் மேலே சொன்ன அதே கதைதான்.

இங்கே வேறொரு சிக்கல் உண்டு. “டெஸ்ட் ஃபெயில் ஆனதால் இப்படி மாற்றியது” என்று தான் வந்த வழியையே காரணமாக எழுதிவிடும். மாற்றம் எதற்கு வேண்டியிருந்தது என்பது வேறு, எழுதும்போது எதில் முட்டியது என்பது வேறு. இரண்டாவதை வெட்டிவிடுங்கள். ஆனால் ஒரு வழியை முயன்று அது சரிவராமல் கைவிட்டிருந்தால் அதை வையுங்கள். அடுத்து வருபவர் அதே வழியில் போய்த் திரும்பும் ஒருநாள் வேலை மிச்சம். டெஸ்ட் எல்லாம் தேறியது என்று அது எழுதினால், நீங்கள் ஓட்டிப் பார்த்த பிறகே அந்த வரி நிற்கட்டும்.

நாங்க ஸ்குவாஷ் மெர்ஜ் பண்றோம். அப்புறம் ஒவ்வொரு மெசேஜுக்கும் எதுக்கு மெனக்கெடணும்?

நடுவில் வரும் மெசேஜ்களுக்கு வேண்டாம். எல்லாம் ஒரே கமிட்டாகச் சுருங்கும்போது எழுதுகிற அந்த ஒரு மெசேஜுக்கு மெனக்கெடுங்கள். பலர் அந்தப் பெட்டியில் தானாக வந்து நிற்கும் பட்டியலை அப்படியே விட்டுவிடுகிறார்கள். புல் ரிக்வெஸ்ட்டில், அதாவது மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கையில், எழுதிய நல்ல விளக்கத்தை அங்கே கொண்டுவந்து வையுங்கள்.

தப்பான மெசேஜோட புஷ் பண்ணிட்டேன். இப்போ என்ன செய்யறது?

புஷ் செய்யாத வரை, அதாவது குழுவின் பொது ரிப்போவுக்கு அனுப்பாத வரை, கமிட் கட்டளையில் அமெண்ட் போட்டுத் திருத்தலாம். புஷ் ஆகிவிட்டால் யோசிக்க வேண்டும். கமிட்டின் அடையாள எண் மெசேஜையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. ஒரு எழுத்தை மாற்றினாலும் எண் மாறும், அதற்குப் பின்னால் வந்த எல்லாக் கமிட்டுகளின் எண்ணும் மாறும். நீங்கள் மட்டும் வேலைசெய்யும் தனி பிராஞ்ச் என்றால் மாற்றி, பழையதை மீறி எழுதுகிற ஃபோர்ஸ் புஷ் செய்யலாம். எல்லோரும் வேலைசெய்யும் பிராஞ்ச் என்றால் தொடாதீர்கள்.

அங்கே கிட் நோட்ஸ் இருக்கிறது. கமிட்டைத் தொடாமல் அதன்மேல் ஒரு குறிப்பை ஒட்டும், கிட் லாக்கில் மெசேஜுக்குக் கீழே தெரியும். சாதாரணமாகப் புஷ் செய்தால் இந்தக் குறிப்புகள் போகாது, தனியாக அனுப்ப வேண்டும்.

எங்க ரிப்போல “ஃபிக்ஸ்”, “அப்டேட்”, “டெஸ்ட்”னு ரெண்டாயிரம் கமிட் கிடக்கு. ஏஐயை விட்டு எல்லாத்தையும் திருத்தி எழுதிடலாமா?

வேண்டாம். அடையாள எண்கள் மாறுவது பற்றி மேலே சொன்னது இங்கே இரண்டாயிரம் மடங்கு. டிக்கெட்டிலும் பழைய மின்னஞ்சலிலும் குறித்து வைத்த எண்கள் எல்லாம் செல்லாததாகிவிடும். அதைவிட முக்கியம், “ஃபிக்ஸ்” என்று இருந்தால் இங்கே காரணம் இல்லை என்று படிப்பவருக்குத் தெரிகிறது. ஏஐ ஊகித்து எழுதினால் காரணம் இருப்பது போலத் தெரியும், அதை நம்பி யாராவது எண்ணை 20 ஆக்குவார்கள்.

பழைய வரலாற்றைப் படிக்க அதைப் பயன்படுத்துங்கள். கிட் லாக்கில் ஒரு சொல்லைக் கொடுத்து, அந்தச் சொல் எந்தக் கமிட்டுகளில் வந்தது, போனது என்று தேட எஸ் (-S) என்ற வழி உண்டு. கிடைத்த நான்கைந்து டிஃபை ஏஐயிடம் கொடுத்து, இந்த ஃபங்ஷன் எப்படி மாறி வந்தது என்று கேளுங்கள், தெளிவாகச் சொல்லும். காரணம் கேட்க, அந்தக் கமிட்டைப் போட்டவர் இன்னும் வேலையில் இருந்தால் அவரிடம் போங்கள். போன வாரம் நான் அப்படி ஒருவரைக் கேட்டேன். மூன்று வருடம் முன்பு அவர் “டெம்ப் ஃபிக்ஸ்” என்று போட்ட கமிட். இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, ஒரு கிளை அலுவலகத்தில் பழைய பிரிண்டர் ஒன்று இருந்ததையும், அதில் பில்லின் கடைசி வரி வெட்டுப்பட்டதையும் சொன்னார். அந்தப் பிரிண்டர் இப்போது இல்லை. அந்த எட்டு வரிக் கோடை அன்று மாலையே நீக்கினோம், அவர் சொன்னதை அந்தக் கமிட்டின் மெசேஜில் எழுதினேன்.